பிழைபட்ட முள்ளும் அதன் காரணமும்

கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று கடலோரத்தை ஒட்டிச் செல்லும் ஐந்தாம் இலக்கக் கூட்டரசுச் சாலையிலும், கிழக்கே புக்கிட் ரோத்தான், ஈஜோக், வயதானவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் செம்மண் பாதைகளிலும் பிரயாணம் செய்கிறவர்கள், தொழிற்சாலையை விட்டு வெளிவந்து முப்பது, நாற்பது, சில சமயம் ஐம்பது வருஷங்கள் ஆகிவிட்ட வாகனங்கள் இன்னும் சலிக்காமல் உழைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அறிமுகமான புரோட்டோன் சாகா, அதற்கும் முந்திய டட்சன் 120ஒய், தோட்டத்துத் துரைமார்கள் ஏறிச் சுற்றிய காலத்து லேண்ட் ரோவர் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவ்வண்டிகளை வைத்திருப்பவர்கள் இயந்திரத்தையும் பிரேக்கையும் கண்ணுங்கருத்துமாய்ப் பேணுவார்கள். ஆனால் முன்பலகையிலுள்ள எண்ணெய் மீட்டர் நின்றுபோனால் மட்டும், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, ஓடிய கிலோமீட்டரைக் கொண்டு மனக்கணக்குப் போட்டே காலத்தைத் தள்ளிவிடுவார்கள்.

அந்த மனக்கணக்கு, பகல் வேளையில், எண்ணெய் நிலையம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது போதுமானதாக இருக்கலாம். நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, லயத்துக்கும் பெரிய சாலைக்கும் இடையே செம்பனை மட்டைகள் இருபுறமும் கவிந்து நிற்கும் பாதையில், டேங்கியில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி அற்பமான கேள்வி ஆகாது. அக்கேள்விக்கு விடை சொல்லும் கருவி மிக எளிய கருவி. பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடத்தைத் தாண்டிய ஞானம் எதுவும் அதைப் புரிந்துகொள்வதற்கு வேண்டியதில்லை. அப்படியிருக்க, அதைப் பழுதான நிலையிலேயே விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்பும் விஷயம் ஒன்றுதான். பிழைபட்ட முள்ளும் ஒரு நியதிக்கு உட்பட்டே பிழைபடுகிறது. கம்பி அறுந்தால் ஒரு விதமாகவும், துருப் பிடித்தால் வேறு விதமாகவும், மிதவை ஓட்டையானால் மற்றொரு விதமாகவும் முள் பிறழ்கிறது. அந்தப் பிறழ்ச்சியின் விதத்தைப் பொறுமையுடன் சில நாள் கவனித்தவன், திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே, பழுது இருக்கும் ஸ்தானத்தைப் பெரும்பாலும் நிர்ணயித்துவிட முடியும்.

மீட்டர் என்பது ஆதியிலிருந்தே மோட்டார் வாகனத்துடன் வந்த உறுப்பு அன்று. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில், ஆசனத்தைத் தூக்கி, அதன் கீழே இருந்த டேங்கியின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை உள்ளே விட்டு, அது நனைந்த உயரத்தைக் கொண்டே எண்ணெயை அளந்தார்கள். வோக்ஸ்வேகன் வண்டுக் காரிலும் 1960களின் தொடக்கம் வரை மீட்டர் கிடையாது. இயந்திரம் தடுமாறத் தொடங்கியதும் ஓட்டுநர் காலால் ஒரு திருகியைத் திருப்பினால், டேங்கியின் அடியில் ஒதுக்கியிருந்த சேமிப்பு எண்ணெய் இறங்கி வரும். தோட்டப்புறங்களில் பெருவழக்காயிருந்த பழைய ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளிலும் இதே யுக்திதான். இவற்றுள் குச்சியே இன்றளவும் பரம பிரமாணம் என்பதை மறக்கலாகாது. முள்ளைச் சந்தேகிக்கிறவன் முதலில் குச்சியை விட்டுப் பார்த்து, டேங்கியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வேண்டும். உண்மை எதுவென்று தெரியாமல் பிழை எதுவென்று எவ்வாறு சொல்வது? எண்ணெய் ஊற்றும் குழாய் வளைந்திருந்து குச்சி இறங்காத வண்டிகளில், டேங்கியை ஒருமுறை நிரப்பி, நிலையத்தில் காட்டிய லிட்டரைக் குறித்துக்கொள்வது அதற்கு ஈடாகும்.

மின்சார மீட்டர் எண்ணெயை நேரே அளப்பதில்லை. எண்ணெயின் மேல் ஒரு மிதவை மிதக்கிறது; மிதவையின் உயரம் ஒரு கம்பியின் சாய்வாக மாறுகிறது; அச்சாய்வு ஒரு தடைச்சுருளின் மேல் வழுக்கிச் செல்லும் தொடுமுனையின் இடமாக மாறுகிறது; அவ்விடம் மின்தடையின் அளவாகவும், தடை மின்சாரப் பிரவாகத்தின் அளவாகவும், பிரவாகம் உஷ்ணமாகவும், உஷ்ணம் ஓர் உலோகப் பட்டையின் வளைவாகவும், வளைவு முள்ளின் அசைவாகவும் மாறி முடிகின்றன. துரை இட்ட உத்தரவு கிராணிக்கும், கிராணியிடமிருந்து மண்டோருக்கும், மண்டோரிடமிருந்து வெட்டுக்காட்டில் நிற்கும் தொழிலாளிக்கும் போய்ச் சேர்வதைப் போல, செய்தி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் திரிபு நேர இடமுண்டு. ஆகவே, கடைசியில் நிற்கும் முள்ளையே குற்றவாளியென்று எண்ணி, முன்பலகையைக் கழற்றி, புது மீட்டரைப் போட்டு, அதுவும் பழையபடியே நிற்பதைக் கண்டு மனம் நோவது வீண் செலவும் வீண் சிரமமும் ஆகும். பெரும்பாலான பழுதுகள் வண்டியின் கீழே, கண்ணுக்குத் தெரியாத பாகத்தில்தான் இருக்கின்றன.

அந்தக் கீழ்ப்பாகத்தைப் பட்டறைகளில் 'ப்ளோட்' என்ற ஒரே சொல்லால் சுட்டுவார்கள். டேங்கியின் மேல்மூடியில் திருகாணிகளால் பூட்டப்பட்ட ஒரு தட்டு. அத்தட்டிலிருந்து தொங்கும் சிறு பெட்டிக்குள் மெல்லிய தடைக்கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்ட ஒரு சுருள். அதன் மேல் உராய்ந்து நகரும் தொடுமுனை. அத்தொடுமுனையை ஆட்டும் நீண்ட கம்பி. கம்பியின் நுனியில் பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன மிதவை. இவ்வளவுதான். பெட்ரோல் ஆவி நிறைந்த டேங்கிக்குள் மின்சாரத்தை விடுகிறார்களே, தீப்பிடிக்காதா என்ற அச்சம் இயல்பானது. அதற்கான சமாதானம் இரசாயனத்தில் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடைப்பட்ட அளவில் கலந்திருந்தால் மட்டுமே பற்றிக்கொள்ளும். நம் நாட்டின் முப்பது டிகிரி வெப்பத்தில், மூடிய டேங்கிக்குள் ஆவியின் செறிவு அந்த மேல் எல்லையைப் பன்மடங்கு கடந்துவிடுவதால், எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அங்கே போதுவதில்லை. சுருளில் ஓடும் பிரவாகமும் மிகச் சிறிது. ஆனால் மூடியைக் கழற்றியவுடனே இந்தப் பாதுகாப்பு நீங்கிவிடுகிறது. டேங்கியின் வாயிலிருந்து வழியும் ஆவி வெளிக்காற்றுடன் கலந்து நீர்த்துக்கொண்டே போகையில், எங்கேயோ ஓரிடத்தில் எரியக்கூடிய விகிதத்தை அடைந்தே தீரும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு தரையாய்ப் பரவி, தூரத்திலிருக்கும் அடுப்பையோ சிகரெட்டையோ போய்த் தொட்டுவிடும். கீழே வரும் சோதனைகளையெல்லாம் மூடி பூட்டியபடி இருக்கும்போதே செய்ய வேண்டுமென்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மேலே, முன்பலகையில் இருக்கும் பாகத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் வண்டிகளில் 1960களிலிருந்தும், பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் அதன் பிறகு வெகுகாலமும் வழங்கியது ஈருலோகப் பட்டை மீட்டர். உஷ்ணத்தால் வெவ்வேறு அளவில் நீளும் இரண்டு உலோகங்களை முதுகோடு முதுகாக ஒட்டினால், சூடேறும்போது அவ்விணைப் பட்டை ஒரு பக்கமாக வளையும் என்பதைக் கண்டு பயன்படுத்தியவர், கடற்பிரயாணத்துக்கான கடிகாரங்களைச் செய்வதில் ஆயுளைச் செலவிட்ட ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர். 1759இல் அவர் முடித்த மூன்றாவது கடிகாரத்தில் இந்தப் பட்டை இடம்பெற்றது. கடிகாரத்தில் வெப்பநிலையால் நேரும் பிழையைப் போக்க வந்த அவ்வுபாயம், மீட்டருக்குள் வேண்டுமென்றே சூடேற்றப்பட்டு முள்ளை நகர்த்தும் வேலைக்கு அமர்த்தப்பட்டது. பட்டையின் மேல் சுற்றிய மெல்லிய கம்பியில் பிரவாகம் ஓட, கம்பி சூடாக, பட்டை வளைய, முள் மெல்ல எழுகிறது.

அது மெல்ல எழுவதைக் குறையென்று நினைப்பவர்கள் உண்டு. நான் அதைப் பெரிய குணமென்றே கருதுகிறேன். தோட்டத்துப் பாதையில் குழிக்குக் குழி வண்டி குலுங்கும்போது டேங்கிக்குள் எண்ணெய் அலைமோதுகிறது. மிதவையும் கூடவே ஏறி இறங்குகிறது. உஷ்ணம் ஏறவும் ஆறவும் பல விநாடிகள் பிடிப்பதால், இந்த அலைகளின் சராசரியை மட்டுமே முள் ஏற்றுக்கொண்டு, அமைதியாக நிற்கிறது. இதற்கு முந்திய தலைமுறை மீட்டர்களில் பட்டைக்குப் பதிலாக இரண்டு காந்தச் சுருள்கள் எதிரெதிராக இழுக்கும். அவற்றில் சாவியைத் திருப்பிய கணமே முள் பாய்ந்து நிற்கும், குண்டுங்குழியுமான பாதையிலோ ஓயாமல் துள்ளும். ஆகவே, வண்டியில் எவ்வகை மீட்டர் இருக்கிறதென்று அறியப் புத்தகம் தேட வேண்டியதில்லை. சாவியைத் திருப்பி முள் பாய்கிறதா, ஊர்ந்து எழுகிறதா என்று பார்த்தால் போதும். இந்த வேறுபாடு ஏன் முக்கியமென்றால், பழைய காந்தச் சுருள் வகையில் டேங்கிக்குப் போகும் கம்பி அறுந்தால் முள் நிறைவைக் காட்டும். ஈருலோக வகையிலோ அதே பழுது காலியைக் காட்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வெகுகாலம் வழங்கிய ஏற்பாட்டிலும், காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம் என்று தடை எண்ணெயோடு கூடவே ஏறுவதால், அறுந்த கம்பி நிறைவையே காட்டும். எந்த வகையென்று அறியாமல் இலட்சணங்களைப் படிக்கப் புகுந்தவன் நேர்மாறான முடிவுக்கு வந்துவிடுவான்.

நம் வட்டாரத்தில் மிகுதியாகக் காணும் ஈருலோக வகையையே எடுத்துக்கொண்டு, சற்றே கணக்கில் இறங்குவோம். பட்டை சூடாவது மின்னழுத்தத்தைப் பொறுத்தது. வண்டியின் மின்னழுத்தமோ இயந்திரம் நின்றிருக்கையில் 12 வோல்ட்டும், ஓடுகையில் 14 வோல்ட்டுமாய் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே மீட்டருக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி ஒன்று, விட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்து, சராசரியாக 10 வோல்ட்டை மட்டும் அனுப்புகிறது. மீட்டரின் சுருளுக்கு 60 ஓம் தடை என்றும், மிதவைக் கருவியின் தடை காலியில் 240 ஓம், நிறைவில் 20 ஓம் என்றும் கொள்வோம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் அளவுகளுக்கு இவை மிக நெருங்கியவை. காலியாக இருக்கும்போது மொத்தத் தடை 300 ஓம், பிரவாகம் 0.033 ஆம்பியர். நிறைந்திருக்கும்போது மொத்தம் 80 ஓம், பிரவாகம் 0.125 ஆம்பியர். உஷ்ணம் பிரவாகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் ஏறும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்ட நியதியின்படி, நிறைவின் உஷ்ணம் காலியின் உஷ்ணத்தைப்போல் ஏறக்குறைய பதினான்கு மடங்காகிறது. இந்தப் பெரிய இடைவெளிதான் முள்ளுக்கு ஓடியாட இடம் கொடுக்கிறது.

இப்பொழுது மிதவைக் கருவியின் எர்த் இணைப்பில் துருப் பிடித்து, 20 ஓம் தடை கூடுதலாக நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டேங்கி நிறைந்திருக்கையில் மொத்தத் தடை 80லிருந்து 100 ஆகிறது, பிரவாகம் 0.1 ஆம்பியராகக் குறைகிறது. உஷ்ணம் பழைய அளவில் 64 சதவீதமாகிவிடுகிறது. முள்ளின் அசைவு உஷ்ணத்துக்கு நேர்விகிதமென்று கொண்டால், முழு டேங்கியைப் பாதிக்குச் சற்று மேலே, பத்தில் ஆறு பங்கு என்று முள் சொல்லும். ஆனால் அதே 20 ஓம், டேங்கி காலியாகும் தறுவாயில், 300ஐ 320 ஆக்குகிறது. முள்ளின் நிலை கண்ணுக்குத் தெரியாத அளவே மாறுகிறது. ஆகையினால், டேங்கியை நிரப்பினாலும் எஃப் எழுத்தை எட்டாத முள், குறைந்த அளவில் மட்டும் உண்மையே பேசுகிறதென்றால், துருவேறிய எர்த்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மீட்டர் பழையதாகிப் பலவீனமடைந்துவிட்டது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; அவ்வண்டிகளுள் பலவற்றுக்கு வேண்டியிருந்தது ஒரு முழம் கம்பியும் ஒரு துண்டு உப்புத்தாளுமே.

ஸ்டெபிலைசர் பழுதானால் பிறழ்ச்சியின் விதம் வேறு. அதன் தொடர்பு ஒட்டிக்கொண்டு, 10 வோல்ட்டுக்குப் பதிலாக 14 வோல்ட் முழுவதும் மீட்டருக்குப் போனால், உஷ்ணம் 1.4இன் இருமடியாக, அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது; அரை டேங்கி நிறைவைத் தொடுகிறது, நிறைந்த டேங்கி முள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறது. இயந்திரத்தை வேகப்படுத்தினால் முள் மெல்ல ஏறி, விட்டால் இறங்குமானால் சந்தேகம் மேலும் உறுதிப்படும். இன்னொரு சாட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. அதே ஸ்டெபிலைசரிலிருந்துதான் பெரும்பாலும் இயந்திர வெப்பநிலை மீட்டருக்கும் மின்சாரம் போகிறது. ஆகவே இரண்டு முட்களும் ஒருசேர உயர்ந்தாலோ ஒருசேரச் செத்தாலோ, டேங்கியின் பக்கம் போகவே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான காரணத்தைத் தேடுவதே விவேகம்.

முள் ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும், உதாரணமாகக் கால் டேங்கியில், திடீரென்று விழுந்து, இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியபின் தானாகவே எழுந்துகொள்வதுண்டு. இது தடைச்சுருளின் தேய்மானம். தொடுமுனை எந்த இடத்தில் அதிக நேரம் நின்று உராய்கிறதோ அங்கே கம்பி மெலிந்து, தொடர்பு அறுபடுகிறது. அவ்விடத்தைக் கடந்ததும் தொடர்பு மீள்கிறது. சம்பள நாளுக்கு முந்திய வாரங்களில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்குமாய் எண்ணெய் ஊற்றி ஓட்டப்பட்ட தோட்டத்து வண்டிகளில், தொடுமுனை தன் ஆயுளின் பெரும்பகுதியைச் சுருளின் கீழ்க்கோடியிலேயே கழித்திருக்கும். ஆகவே தேய்மானமும் அங்கேதான் அதிகம். அந்தக் குடும்பங்களின் வரவுசெலவு அச்சுருளில் பதிந்திருக்கிறது என்று சொன்னாலும் தகும். இதற்கு மாறாக, டேங்கியில் எவ்வளவு ஊற்றினாலும் முள் ஈ எழுத்தை விட்டு நகராமல், கம்பியும் எர்த்தும் சரியாக இருந்தால், பித்தளை மிதவையின் ஈயப்பற்று ஓரத்தில் ஊசித்துளை விழுந்து, உள்ளே எண்ணெய் புகுந்து, அது மூழ்கிப் போயிருக்கும்.

இலட்சணங்களைப் படித்த பிறகு சோதனை. முதலில் சாவியை அணைத்து, டேங்கியின் மேலுள்ள மிதவைக் கருவியிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒற்றைக் கம்பியைக் கழற்றி, எங்கும் படாதவாறு விலக்கிக் கட்ட வேண்டும். சாவியைப் போட்டால் ஈருலோக மீட்டரின் முள் ஈயிலேயே நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் எழுந்தால், கம்பி வழியிலெங்கோ உடம்பில் உரசி எர்த் ஆகியிருக்கிறது. பிறகு சாவியை மறுபடி அணைத்து, கழற்றிய கம்பியின் நுனியை, முன்பலகையில் எரியும் சிறு பல்பு ஒன்றின் வழியாக, டேங்கியின் வாயிலிருந்து தள்ளி, சுத்தமான சேஸிஸ் இரும்பில் இணைத்துவிட்டு, சாவியைப் போட வேண்டும். பல்பை இடையில் வைப்பது மீட்டரின் மெல்லிய சுருள் வெந்துபோகாமல் காப்பதற்கு. அரை நிமிஷத்துக்குள் முள் எஃபை நோக்கி நிதானமாக எழுந்தால், மீட்டரும் ஸ்டெபிலைசரும் நீண்ட கம்பியும் குற்றமற்றவை. பழுது டேங்கியின் பக்கம். எழாவிட்டால் டேங்கி குற்றமற்றது, பழுது முன்பக்கம். நீண்ட தொடரை நடுவில் வெட்டி, பாதியை ஒரேயடியாக விடுவித்துவிடும் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பவன் நாள் முழுதும் உழைத்தாலும் முடிவுக்கு வருவது அரிது.

பழுது டேங்கியின் பக்கமென்று தெரிந்தால், கம்பியை மறுபடி பூட்டிவிட்டு, மிதவைக் கருவியின் தட்டுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நீண்ட கம்பி ஒன்றைத் தற்காலிகமாக இணைத்துப் பார்க்க வேண்டும். சாவி அணைந்திருக்கும்போதே, முதலில் தட்டில் பூட்டி, மறுமுனையைப் பிறகு தூரத்தில் இருக்கும் பேட்டரியில் தொடுவிப்பது முறை. பொறி பறந்தாலும் அது ஆவியிலிருந்து விலகிப் பறக்கட்டும். முள் சரியான நிலைக்கு வந்தால் எர்த்தே குற்றவாளி. வராவிட்டால்தான் கருவியை வெளியே எடுக்கும் அவசியம் வருகிறது. இதில் ஒரு தவறு மிகக் கொடியது. மிதவைக் கருவி உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, 12 வோல்ட்டை நேரே அதன் முனையில் கொடுப்பவர்கள் உண்டு. நிறைந்த டேங்கியில் 20 ஓம் தடைக்கு அது 0.6 ஆம்பியரையும் 7 வாட் உஷ்ணத்தையும் உண்டாக்கி, சுருளை எரித்துவிடும். எரிவது எண்ணெய்த் தொட்டிக்குள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே மாதிரியான வண்டி கேமரன் மலையில் ஒரு விதமாகவும் கோல சிலாங்கூரில் வேறு விதமாகவும் நோய்ப்படுவதற்குத் தேசத்தின் இயல்பே காரணம். இங்கே மலாக்கா நீரிணையிலிருந்து வீசும் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டில் 1948ஆம் ஆண்டு பிறந்த லேண்ட் ரோவருக்கு, சட்டம் எஃகாலும் மேலுடல் அலுமினியக் கலவையாலும் அமைந்தன. எஃகும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், அவ்விடம் ஒரு சிறிய மின்கலமாகி, அலுமினியம் கரைந்து வெண்பொடியாய்ப் பூக்கிறது. அப்பொடியோ மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எர்த் என்பது தனிக் கம்பியாக இல்லாமல், டேங்கியின் தகட்டையும் போல்ட்டையும் சட்டத்தையும் நம்பி விடப்பட்டிருக்கும் வண்டிகளில், இப்படிப் பூத்த ஒரு மூட்டே மேலே சொன்ன 20 ஓமைக் கொண்டுவந்து சேர்க்கப் போதும். செம்மண் சேறு டேங்கியின் தோளில் அப்பி, மழைநீரை நாட்கணக்காய்ப் பிடித்து வைத்திருப்பது இதற்குத் துணை செய்கிறது. வண்டியைக் கழுவுகிறவர்கள் கதவையும் கண்ணாடியையும் துலக்குவதோடு நின்றுவிடாமல், டேங்கியின் மேற்புறத்துக்கும் சிறிது தண்ணீரைச் செலவிட்டால், எத்தனையோ தொல்லை குறையும்.

உட்புறத்திலும் ஈரம் தன் வேலையைச் செய்கிறது. பகலில் சூடேறிய டேங்கியின் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, விடியற்காலையின் ஈரம் செறிந்த வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. டேங்கி எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே போய்வருகிறது. அதிலிருந்து படியும் நீர் பெட்ரோலைவிடக் கனமாதலால் அடியில் தங்கி, எஃகுத் தகட்டையும், மிதவைக் கருவியின் கீழ்ப்பாகத்தையும் அரிக்கிறது. கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றி ஓட்டும் பழக்கம் சுருளைத் தேய்ப்பதோடு டேங்கியைத் துருப்பிடிக்கவும் வைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு காரணமும் உண்டு. அதன் வேர் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் நட்ட செம்பனையே, வாணிப நோக்கத்துடன் இந்நாட்டில் தோன்றிய முதல் செம்பனைத் தோட்டம். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. அன்று அவர் ஊன்றிய பயிர் இன்று டேங்கிக்குள்ளேயே வந்துவிட்டது: மலேசியாவில் போக்குவரத்துக்கு விற்கப்படும் டீசலில் பத்துச் சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த மெத்தில் எஸ்டர் கலக்கும் ஏற்பாடு 2019இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்து மக்களின் உழைப்பில் விளைந்த பொருள் நாட்டின் வாகனங்களை ஓட்டுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியே. ஆயினும், அந்த எஸ்டர் வெறும் டீசலைவிட அதிக நீரைத் தன்னுள் தாங்குகிறது. செம்பையும் பித்தளையையும் மெல்ல மெல்லப் பாதிக்கிறது. பழைய டேங்கியின் சுவரில் வருஷக்கணக்காய்ப் படிந்திருந்த கசடைக் கரைத்து அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த கசடு வடிகட்டியை அடைப்பதோடு, தொடுமுனைக்கும் சுருளுக்கும் இடையிலும் புகுந்துகொள்ளும். எண்ணெயின் குணமே மீட்டரைக் கெடுக்கக்கூடும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு: 2004இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றிலிருந்து சென்ற பெட்ரோலில் கந்தகம் எஞ்சியிருந்தபடியால், வெள்ளி கலந்த தொடுமுனைகள் கறுத்து, தென்மாநிலங்களில் ஏராளமான கார்களின் எண்ணெய் மீட்டர்கள் ஒரே சமயத்தில் பிறழ்ந்தன.

கருவியை வெளியே எடுக்க நேர்ந்தால், பேட்டரியின் இணைப்பை முதலிலேயே நீக்கிவிட்டு, காற்றோட்டமான வெளியில் செய்ய வேண்டும். மிதவைக் கம்பியைக் கையால் மெல்ல உயர்த்திக்கொண்டே தடையை அளந்தால், அது ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சீராக மாற வேண்டும். எண்களைக் காட்டும் புதிய மீட்டரைவிட முள்ளுள்ள பழைய சோதனை மீட்டர் இதற்கு உத்தமம், ஏனெனில் இடையில் தொடர்பு அறும் கணத்தை அதன் துள்ளல் உடனே காட்டிக்கொடுக்கும். அழுக்கை மென்மையான தூரிகையாலும் மின்தொடர்பு துலக்கும் திரவத்தாலும் போக்கலாம். உப்புத்தாளைச் சுருளின் அருகே கொண்டுபோகக் கூடாது, ஏற்கெனவே மெலிந்த கம்பி அதனால் அறுந்துவிடும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே புகுந்த எண்ணெய் தளும்பும் ஓசை கேட்கும். கேட்காவிட்டால், வெந்நீரில் அமிழ்த்தினால், துளையிருக்கும் இடத்திலிருந்து காற்றுக் குமிழிகள் கிளம்பும். அத்துளையை ஈயம் வைத்து அடைத்துவிடலாமென்று உடனே சூட்டுக்கோலை எடுப்பது பேராபத்து. உள்ளே சில சொட்டுப் பெட்ரோல் எஞ்சியிருந்தாலும் மிதவை வெடிக்கும். புது மிதவை மாட்டுவதே மேல்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். டேங்கிகள் சதுரப் பெட்டிகள் அல்ல. அச்சுக்கும் ஆசனத்துக்கும் இடம்விட்டுக் கோணலாக வடிக்கப்பட்டவை. மேற்பாகம் அகன்று அடிப்பாகம் குறுகியிருந்தால், முள் பாதியில் நிற்கும்போது எண்ணெய் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். சமதரையில் வண்டியை நிறுத்தி, காலியான டேங்கியில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம் பொறுத்து, முள் நிற்குமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 45 லிட்டர் கொள்ளும் பழைய லேண்ட் ரோவர் டேங்கிக்கு இது ஒன்பது குறிப்புகளில் முடிந்துவிடும். முள் ஈயைத் தொடும்போது ஐந்து லிட்டராவது மிஞ்சியிருக்கவில்லையென்றால், கருவியை மறுபடி எடுத்து, மிதவைக் கம்பியைச் சற்றே வளைத்து, அவ்வளவு மிஞ்சும்படி திருத்திக்கொள்ளலாம். தோட்டத்தின் உட்பகுதியில் வசிக்கிறவர்கள் பத்து லிட்டராகவே வைத்துக்கொள்வது நல்லது. அக்குறிப்புகளை ஓர் அட்டையில் எழுதி முன்பலகைப் பெட்டியில் வைத்துவிட்டு, டேங்கியையோ மிதவையையோ மாற்றும்போதெல்லாம் புதிதாக அளந்து எழுத வேண்டும்.